குளுக்கோஸ் பாட்டிலைத் தொடுறதுக்கு முன்னாடி

சித்தி மகள் கல்யாணத்துல ரெண்டு கப் பாயசம் குடிச்சிட்டுப் படுத்த என் தம்பிக்கு, விடியக்காலை 4 மணிக்குக் கால் வரலை. நினைவு தெளிவா இருக்கு, கிள்ளினா வலிக்குது, போர்வையை உதற மட்டும் முடியலை. அப்போ அவனுக்கு 17 வயசு. வாதம்னாங்க, நடிக்கிறான்னுகூடச் சொன்னாங்க. போன இடத்துல, அசதிதானேன்னு குளுக்கோஸ் ஏத்தினாங்க. கை வரைக்கும் விழுந்துடுச்சு.

வேற இடத்துல ரத்தம் எடுத்துப் பார்த்தப்போ பொட்டாசியம் 2.1. குறைஞ்சது 3.5 இருக்கணும். ஹைப்போகலீமிக் பீரியாடிக் பராலிசிஸ்னு பேர் சொன்னாங்க. தசையில இருக்கிற சோடியம், கால்சியம் வாசல்கள்ல பிறவியிலேயே வர்ற மரபணுக் கோளாறு. இனிப்போ சோறோ வயிறு முட்டச் சாப்பிட்டா இன்சுலின் ஏறும். அது ரத்தத்துல இருக்கிற பொட்டாசியத்தைத் தசைக்குள்ள தள்ளிடும். அப்புறம் தசை நம்ம பேச்சைக் கேட்காது. குளுக்கோஸ் ஏத்தினா ஏன் மோசமாகுதுன்னு புரியுதா? அதனால ஆஸ்பத்திரி வாசல்லயே சொல்லுங்க: "குளுக்கோஸ் வேண்டாம், முதல்ல பொட்டாசியமும் இசிஜியும் பாருங்க." நோய்ப் பேரை எழுதி பர்ஸ்ல வைங்க. ஆபரேஷன்னா மயக்க மருந்து டாக்டர்கிட்டயும் அந்தச் சீட்டைக் காட்டணும்.

பொட்டாசியம் சிரப் டாக்டர் சொன்ன அளவுதான். இதே மாதிரி கால் விழுற இன்னொரு வகையில பொட்டாசியம் கூடிப்போகும். அவங்களுக்கு இதைக் கொடுத்தா ஆபத்து. அதனால பக்கத்து வீட்டுக்கு எடுத்துக் கொடுக்காதீங்க. இளநீர் சிரப்புக்கு ஈடாகாது, அதுல சர்க்கரையும் இருக்கு. மூச்சு வாங்கினாலோ, விழுங்க முடியாட்டியோ, நெஞ்சு படபடத்தாலோ உடனே 108.

ராத்திரிச் சோத்தைக் குறைச்சு முட்டை, மீன், காய்னு வைங்க. ஊறுகாய், அப்பளமும் கொஞ்சமாத்தான். கிரிக்கெட் ஆடி முடிச்சதும் பொத்துனு படுக்க விடாதீங்க, மெல்ல நடந்து ஆறட்டும். தைராய்டு கூடினாலும் இதே மாதிரி கால் விழும், அந்த டெஸ்ட்டையும் விடாதீங்க. அடிக்கடி வந்தா, வராம தடுக்க மாத்திரை இருக்கு.

அப்பாவுக்கும் வாலிபத்துல இப்படி ரெண்டு தடவை வந்திருக்கு, வெளியே சொல்லலை. பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. தம்பி மகளுக்கு இப்போ 12 வயசு. காலையில "அத்தை, கால் கனக்குது"ன்னா ஸ்கூலுக்கு மட்டம்னு நான் நினைக்கிறதில்லை. கையைப் பிடிச்சு எழுப்பி நிறுத்திப் பார்க்கிறேன்.