பைபர் படகின் சிறு காயங்கள்

பழவேற்காட்டில் பிறந்தவர்களுக்கு முகத்துவாரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அறியாத நண்பர்களுக்காக ஒரு சொல்: ஏரியும் கடலும் கலக்கும் அவ்வாயில் மணல் சேர்ந்து மேடிட்டுவிடும். நீர் குறைந்த நாள்களில் எங்கள் பைபர் படகுகள் அடிவயிறு உரசித்தான் கடலுக்குள் போகின்றன. ஏரிக்குள்ளோ சிப்பிப் படுகைகள், கத்திபோல் கீறும். ஆகவே படகின் அடியில் காயம் என்பது எங்கள் குப்பத்தில் அன்றாடச் செய்தி. அதை ஆற்றும் முறையை வேதியியல் மாணவன் என்ற முறையில் எழுத முனைகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பிழை இருப்பின் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

என் தாத்தா கட்டுமரத்தில் போனவர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அடித்தபின் தமிழகக் கரையெங்கும் நிவாரணமாகப் பல பைபர் படகுகள் வந்தன. அப்போது நான் பிறக்கவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் கண்டது பைபர்தான்.

பைபர் என்பது என்ன? கண்ணாடி இழைகளைப் பாய்போல் பரப்பி, பாலியெஸ்டர் பிசினில் ஊறவைத்து இறுக்கியது. இழை தனியே கிடந்தால் துணிபோல் வளையும். பிசின் தனியே இறுகினால் நொறுங்கும். சேர்ந்தால் அலையைத் தாங்கும். வெளியே பளபளப்பதைப் பலர் பெயின்ட் என்று எண்ணுகின்றனர். அன்று, அது ஜெல்கோட். நிறம் கலந்த பிசின்தான், இழை இல்லாதது. படகு வார்க்கும் அச்சில் முதலில் பூசப்படுவது அதுவே. கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டர்தான் தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. அது பிளந்தால் நீர் இழை வழியே மெல்ல ஊறும். எஸ்டர் நீரால் சிதையும் என்று நாம் படித்தது அங்கே நடக்கிறது, கொப்புளம் கிளம்பும், உடைத்தால் காடி நாற்றம். பின்புறத்தில் இன்ஜின் மாட்டும் இடத்தில் உள்ளே பிளைவுட் இருக்கும். அங்கே நீர் புகுந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் பலகை உளுத்துவிடும். கடன் வாங்கி வாங்கிய இன்ஜின் அந்தப் பலகையில்தான் தொங்குகிறது.

சென்ற ஆண்டு எங்கள் படகின் அடியில் ஒரு சாண் நீளக் காயம். அப்பாவும் நானும் ஒரே மாலையில் பூசி முடித்தோம். மூன்றே வாரத்தில் ஒட்டு முழுதாக உரிந்து வந்தது. அடியில் பழைய பரப்பு கண்ணாடிபோல் மின்னியது! நாங்கள் அதைத் தேய்க்கவே இல்லை. போதாததற்கு ஈரம். கடலுக்குப் போகாமல் நின்ற நாள்களின் கணக்கை அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவார்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் பைபர் தொட்டி செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் என் மாமா விடுமுறைக்கு வந்தபோது உரிந்த ஒட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "மருந்தை எப்படிடா ஊத்தின?" என்றார். "மூடியில" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பாடம் தொடங்கியது.

முதலில் நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தினோம். பிறகு அசிட்டோன் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தோம். துடைத்த பின்பே உப்புத்தாள். முன்னால் தேய்த்தால் எண்ணெய் உள்ளே அழுந்திவிடும். காயம் 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 2 மி.மீ. ஆழம். ஆழத்தைப்போல் 12 மடங்கு தூரம் ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது மாமாவின் கணக்கு. அதாவது நாற்புறமும் 2.4 செ.மீ. குழி தட்டுப்போல் விரிந்து ஏறக்குறைய 20-க்கு 15 ஆயிற்று. பழைய பரப்பில் மினுமினுப்பு ஒரு பொட்டும் இருக்கக்கூடாது.

இனி நம் ஆய்வுக்கூடக் கணக்கு. பரப்பு 300 சதுர செ.மீ. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டில் இது 13.5 கிராம். அந்த மேட் ஓர் அடுக்கு இறுகினால் சுமார் 1 மி.மீ.; ஆகவே இரண்டு அடுக்கு, 27 கிராம். பிசின் அதைப்போல் இரண்டேகால் மடங்கு, சுமார் 60 கிராம். மருந்து நூற்றுக்கு ஒன்றரை வீதம், 0.9 கிராம். ஒரு மில்லிக்கும் குறைவு! நாங்கள் ஊற்றியதோ ஒரு மூடி. மிகுந்தால் சூடேறி வெடிப்பு விட்டு நொறுங்கும். ஒரு வீதத்துக்கும் குறைந்தால் என்றைக்கும் சரியாக இறுகாது. மருந்துக் கடையில் 2 மில்லி ஊசி வாங்கி வந்தேன். தூக்கிக் காட்டி அளந்தபோது அப்பா பியூரெட்டைப் பார்ப்பதுபோல் கண் கொட்டாமல் பார்த்தார்.

அந்த மருந்தின் பெயர் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. பட்டறையில் அதைக் கேட்டலிஸ்ட் என்கின்றனர். வினைக்குப்பின் மாறாமல் மீள்வதே வினையூக்கி என்பது நம் பாடம்; இதுவோ சிதைந்து தனி உறுப்புகளைத் தருகிறது. எனவே இது தொடக்கி. ஊதா நிறத்தில் தனியே வரும் கோபால்ட் உப்புதான் உண்மையான ஊக்கி. மாமா இதை ஏற்கவில்லை. பெயர் எதுவாயினும் ஒன்றை மறக்கலாகாது: இவ்விரண்டையும் நேரே ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை முதலில் பிசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மருந்து. கோபால்ட் சேர்த்தே விற்கும் பிசினும் உண்டு, அது மேல். மருந்து ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். உடனே கால் மணி நேரம் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து மருத்துவரிடம் ஓட வேண்டும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இவ்வேலையைத் தொடாதீர்கள். தேய்க்கும்போது மூக்கிலும் வாயிலும் மாஸ்க் வேண்டும். கண்ணாடித் தூசு பொல்லாதது.

வெயில் ஏறினால் டப்பாவிலேயே இறுகிவிடும் என்பதால் காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். பிசின் தடவி, மேட் வைத்து, பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழை வெளியேற்றினோம். இழுத்துப் பூசினால் இழை கலைந்துவிடும். மறுநாள் தேய்த்து ஜெல்கோட். அது காற்றுப் பட்டால் மேலே பிசுபிசுவென்றே நிற்கும். ஆக்சிஜன் வினையைத் தடுக்கிறது. அச்சில் வார்க்கும்போது இந்தத் தொல்லை இல்லை. மாமா ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமின்றி மேலே ஒட்டினார். காற்று அடைபட்டது, இறுகியது. பின்பு தண்ணீர் தொட்டு 400, 600, 1000 எண் தாள்களால் தேய்த்துப் பளபளப்பாக்கினோம்.

அப்பா ஒரு ரூபாய் நாணயத்தால் ஒட்டைச் சுற்றித் தட்டிப் பார்த்தார். ஒட்டாத இடம் "பொத்" என்னும். ஒட்டிய இடம் "டக்" என்னும். இது எந்தப் பாடநூலிலும் நான் படிக்காதது. எல்லா இடமும் "டக்" என்றது. மூன்று நாள் கழித்துப் படகை இறக்கினோம். எட்டு மாதமாகிறது. வாரம் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார். நிறம் மட்டும் சேரவில்லை. நீலத்தின் நடுவே வெளிர்நீலமாக ஒரு தேமல்.