ஒரு சுவருக்கு எத்தனை பேலட்?

லாரியிலும் கிடங்கிலும் சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் இருக்கும் மரத்தட்டைப் பேலட் என்கிறோம். ஃபோர்க்லிஃப்ட்டின் இரு கரங்கள் நுழைய நடுவில் இடைவெளி விட்டுப் பலகை அடித்திருப்பார்கள். 1999இல் கொசோவோவுக்குத் திரும்பிய அகதிகளுக்காக, நியூயார்க்கின் ஐ-பீம் டிசைன் என்ற கட்டடக்கலை நிறுவனம் பேலட்டுகளாலேயே ஒரு வீட்டை வடிவமைத்தது. நிவாரணப் பொருள் போய்ச் சேரும் இடத்தில், அதைச் சுமந்து வந்த பேலட்டும் மிஞ்சிக் கிடக்குமல்லவா?

எட்டாம் வகுப்பில் பரப்பளவு நடத்தும்போது இந்தச் சுவரை எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய பேலட்டின் நீளம் 1.2 மீ, அகலம் 0.8 மீ. 3.6 மீ நீளமும் 2.4 மீ உயரமும் உள்ள சுவருக்கு எத்தனை வேண்டும்? 8.64ஐ 0.96ஆல் வகுத்து 9 என்று மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். அதோடு விடாமல் கட்டத்தாளில் அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நீளப்பக்கம் படுக்கையாக இருந்தால் வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை, கச்சிதமாகப் பொருந்தும். நீளப்பக்கத்தை நிமிர்த்தினால் வரிசைக்கு நாலரை. அந்த அரைக்காக ஒன்றை அறுக்க வேண்டும்; அறுத்தால் பலகையின் பிடிப்பு தளரும்.

அடுத்து, சுவரின் ஒரு ஓரத்தில் 0.8 மீ அகலம், 2 மீ உயரத்தில் ஒரு வாசல். 7.04 ÷ 0.96 = 7.33. எட்டு போதுமா? போதும்; ஆனால் ஆறு முழுதாக நிற்கும், இரண்டை அறுக்க வேண்டும். எதை எங்கே அறுப்பது என்று வரைந்து காட்டும் மாணவருக்கே முழு மதிப்பெண்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் சுவர் நிற்குமா? பேலட் படுத்த நிலையில் பாரம் தாங்கச் செய்யப்பட்டது. நான்கு ஐஸ் குச்சிகளை மூலைகளில் குண்டூசியால் இணைத்துச் செவ்வகமாக்கி, பக்கவாட்டில் தள்ளச் சொல்லுங்கள். இணைகரமாகச் சாய்ந்துவிடும். மூலைவிட்டமாக ஐந்தாவது குச்சியைப் பொருத்தினால் அசையாது. பேலட் சுவருக்கும் அப்படிச் சாய்வுச் சட்டமோ, முழுதும் மூடி ஆணியடித்த ஒட்டுப்பலகையோ தேவை.

பலகைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடமே வெப்பத்தைத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்றுதான் தடுக்கும். கீழிருந்து மேலே ஓடும் காற்று தடுக்காது. தீப்பிடித்தால் அதே இடைவெளி புகைபோக்கியாகிவிடும். அதனால்தான் களிமண் கலந்த வைக்கோல் போன்றவற்றை நிரப்பி, இருபுறமும் பூசுகிறார்கள். இரட்டைச் சுவருள்ள இரண்டு அட்டைப்பெட்டிகள் செய்து, ஒன்றில் மட்டும் வைக்கோல் திணித்து, இரண்டையும் வெயிலில் வைத்து வெப்பமானியால் ஒப்பிடலாம்.

பழைய பேலட் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவர நினைக்கிறீர்களா? முதலில் அதன் பக்கக் கட்டையில் முத்திரையைத் தேடுங்கள். நாடு விட்டு நாடு போகும் மரத்தில் பூச்சி பரவாதிருக்க வகுத்த சர்வதேச விதிப்படி, கோதுமைக் கதிர்ச் சின்னமும் நாட்டின் குறியீடும் சிகிச்சைக் குறியீடும் அதில் இருக்கும். எச்.டி. என்றால் வெப்பச் சிகிச்சை. பொதுவாக மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்கும். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயு. ஓசோன் படலத்தைக் குலைக்கும் அந்த நச்சு வாயு போட்ட மரம் வகுப்பறைக்கு வேண்டாம். அறுக்கவும் எரிக்கவும் கூடாது. ஓசோன் பாடத்தில் இந்த முத்திரையின் படத்தைக் காட்டினால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

எச்.டி. முத்திரையையும் முழுதாக நம்பிவிட முடியாது. பின்னால் அதன்மேல் என்ன சிந்தியது என்பதை அது சொல்லாது. புதிதாக வரும் கரையானையும் தடுக்காது. கறையோ ரசாயன வாடையோ இருந்தால், முத்திரையே இல்லாவிட்டால், அங்கேயே விட்டுவிடுங்கள். நல்லது கிடைத்தாலும் துருத்தி நிற்கும் ஆணிகளை நீங்களே பிடுங்கி, சிலாம்பு போக உப்புத்தாள் தேய்த்த பிறகே பிள்ளைகள் கையில் அளவுநாடாவைக் கொடுங்கள்.