கிராங்கைக் கழற்றி வை

கம்பளை

அன்புள்ள மருமகனுக்கு,

நீ செய்த ஸ்டேர்லிங் இயந்திரத்தின் வீடியோவை உன் அத்தையும் நானும் பார்த்தோம். செமன் டின், பலூன், சிடி சில்லு, கம்பி எல்லாம் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. மெழுகுதிரி எரிகிறது. நீ சில்லைத் தட்டிவிடுகிறாய், அது ஒரு சுற்று போய் நின்றுவிடுகிறது. உடனே இரண்டாவது மெழுகுதிரியைப் பற்றவைக்கிறாய், பிறகு மூன்றாவது. அங்கேதான் எனக்கு உன்னோடு சண்டை. ஓடாத இயந்திரத்துக்கு நெருப்பைக் கூட்டுவது வைத்தியம் இல்லை. பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாத வரைக்கும் அதில் எதையும் கூட்டாதே, குறைக்காதே.

நீ இருக்கும் ஊரை நினைத்துப் பார். 1874இல் ரயில் நாவலப்பிட்டிக்கு வந்தது. அதற்கு மேலே ஹட்டன் பக்கம் ஏறும் பாதையில் 44 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம் இருக்கிறது. நீராவிக் காலத்தில் பாரமான வண்டியை ஒரு எஞ்சினால் தனியாக இழுக்க முடியவில்லை. பின்னால் இன்னொரு எஞ்சினைக் கொடுத்துத் தள்ளித்தான் மேலே அனுப்புவார்கள். நாவலப்பிட்டி ஷெட்டுக்கு மதிப்பு வந்தது அதனால்தான். உன் தாத்தா அங்கே கரி அள்ளிப் போட்டவர். நான் வேலைக்குப் போன காலத்தில் நீராவி முடிந்து டீசல் வந்துவிட்டது, ஆனால் பழைய பிட்டர்களின் பழக்கம் மாறவில்லை. எஞ்சினில் கோளாறு என்றால் அவர்கள் எடுத்த எடுப்பில் ஸ்பெனரைத் தூக்க மாட்டார்கள். சுற்றி வந்து பார்ப்பார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். பிறகு ஒரு பகுதியைப் பிரித்து அதை மட்டும் சோதிப்பார்கள். அது சரி என்றால் அடுத்தது. நீயும் அந்த வழியிலேயே போ.

உன் டின்னுக்குள் இருப்பது வெறும் காற்று. அது வெளியே போவதும் இல்லை, புதிதாக உள்ளே வருவதும் இல்லை. டின்னின் அடி சூடு, தலை குளிர். உள்ளே இடைவெளி விட்டு ஏறி இறங்கும் உருளையை டிஸ்பிளேசர் என்கிறார்கள். அது எதையும் அழுத்துவதில்லை. காற்றைச் சூட்டுப் பக்கத்துக்கும் குளிர்ப் பக்கத்துக்கும் மாற்றி மாற்றித் துரத்துவது மட்டும்தான் அதன் வேலை. உருளை மேலே போனால் காற்று அடிக்கு வந்து சூடேறும், பலூன் உப்பும். உருளை கீழே வந்தால் காற்று தலைக்குப் போய்க் குளிரும், பலூன் உள்ளே இழுபடும். பாடப்புத்தகத்தில் முசலம் என்று படிக்கிறாயே, இங்கே முசலம் அந்தப் பலூன்தான்.

இதை விளங்கிக்கொண்டால் சோதனை உனக்கே தோன்றியிருக்கும். வளைந்த கம்பியான கிராங்க், சில்லு எல்லாவற்றையும் கழற்றி வை. டின்னின் தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்று, அடியில் ஒரே ஒரு மெழுகுதிரி வை. இரண்டு நிமிடம் பொறு. பிறகு உருளையின் கம்பியை விரலால் பிடித்து மெதுவாக மேலே தூக்கு, கீழே விடு. தூக்கும்போது பலூன் உப்பி, விடும்போது வற்றினால் உன் இயந்திரத்துக்கு உயிர் இருக்கிறது. அப்புறம் தேட வேண்டியது உராய்வும் கோணமும் மட்டும். பலூன் அசையவே இல்லை என்றால் காற்று எங்கேயோ கசிகிறது, அல்லது சூட்டுக்கும் குளிருக்கும் போதிய வித்தியாசம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்காமல் எத்தனை மெழுகுதிரி வைத்தாலும் சில்லு சுற்றாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் முழு இயந்திரத்தையும் பூட்டி ஓட்டிப் பார்ப்பவன், ஓடாதபோது எந்த இடத்தைத் தேடுவான்?

கசிவு என்று நான் சந்தேகிப்பது முதலில் உன் கம்பியை. நீ குடைக்கம்பி போட்டிருக்கிறாய். நாவலப்பிட்டி மழைக்கு உடைந்த குடைக்குப் பஞ்சம் இல்லைதான். ஆனால் இப்போது வரும் குடைகளின் கம்பி உருண்டைக் கம்பி இல்லை, தகட்டை மடித்துச் செய்தது. நகத்தை வைத்து இழுத்துப் பார், நீளத்துக்கும் ஒரு பள்ளம் ஓடும். மூடியில் எவ்வளவு இறுக்கமாகத் துளை போட்டாலும் அந்தப் பள்ளத்தின் வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும். அதை வீசிவிட்டு சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்று எடு. 2 மில்லிமீட்டர் கனம், உருண்டை, நேராகவும் இருக்கும். அது வழுக்கிக்கொண்டு போகக்கூடிய பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றைத் தேடி மூடியில் பொருத்து. கம்பி தன் பாரத்தாலேயே குழாய்க்குள் இறங்க வேண்டும், ஆடவும் கூடாது. ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் மிச்சக் கசிவையும் அது அடைக்கும்.

அடுத்தது டின்னின் அடி. சில டின்களில் அடித்தகடு தனியாக வைத்து விளிம்பில் மடித்திருக்கும். அந்த மடிப்புக்குள் காற்றுப் புகாமல் இருக்க ஒரு பூச்சு உண்டு. நெருப்பில் அது கருகிப்போனால் கண்ணுக்குத் தெரியாத கசிவு தொடங்கும். அடி மடிப்பு இல்லாமல் ஒரே தகட்டை அழுத்திச் செய்த டின் கிடைத்தால் அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் நெருப்பை அடியின் நடுவில் வை, விளிம்பை நக்க விடாதே. ஈயம் பற்றவைத்த மூட்டு எதையும் சூட்டுப் பக்கத்தில் வைக்காதே. சாதாரண ஈயப்பற்று 190 பாகைக்குள்ளேயே உருகிவிடும். மூட்டுகளைச் சோதிக்க சவர்க்காரத் தண்ணீர் தடவி, பலூனை மெல்ல அமுக்கு. குமிழி வரும் இடம்தான் கசிவு.

உருளையின் அளவையும் பார். பெரிய செமன் டின்னின் உள்ளுயரம் ஏறக்குறைய 11 சென்றிமீட்டர். உருளை 8 சென்றிமீட்டர் உயரமும், ஏறி இறங்கும் தூரம் இரண்டரையும் இருந்தால் மேலும் கீழும் கொஞ்சம் இடம் மிஞ்சும். பக்கத்தில் சுற்றிவர 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். டின்னில் உரசினால் கெட்டது, இடைவெளி அதிகமானாலும் கெட்டது. நீ வெறும் தகர உருளை வைத்திருக்கிறாய். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைக் கம்பியில் இறுக்கிச் சுற்றி உருளையாக்கிப் பார் என்று சொல்வேன். சூடான காற்று அந்த நாருக்குள்ளால் மேலே போகும்போது தன் சூட்டின் ஒரு பங்கை நாரில் விட்டுப் போகும். குளிர்ந்து திரும்பும் காற்று அதை எடுத்துக்கொண்டு வரும். ஒரே சூட்டை இரண்டு தடவை செலவழிக்கலாம். இந்த யோசனைதான் இந்த இயந்திரத்தின் உயிர். ஸ்கொட்லாந்தில் ரொபர்ட் ஸ்டேர்லிங் என்ற பாதிரியார் 1816இல் காப்புரிமை கேட்டபோது, இயந்திரத்தோடு இந்தச் சூடு சேமிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துத்தான் கேட்டார்.

கரியைத் துடைத்துவிடு. மெழுகுதிரிப் புகை டின்னின் அடியில் படிந்தால் சூடு சரியாக உள்ளே போகாது. மேலே ஊற்றிய தண்ணீர் வெதுவெதுப்பானதும் மாற்று. பீலித் தண்ணீர் உன் வீட்டு வாசலிலேயே ஓடுகிறது. கொழும்பில் இருக்கும் பிள்ளை ஐஸ்கட்டி தேட வேண்டும், உனக்கு அந்தக் கவலை இல்லை.

பலூன் மூச்சு விடத் தொடங்கிய பிறகு கிராங்கை எடு. உருளையைத் தூக்கும் வளைவும் பலூனைத் தள்ளும் வளைவும் 90 பாகை விலகி இருக்க வேண்டும். சில்லு சுற்றும் திசையில் உருளை கால் சுற்று முன்னால் போக வேண்டும், பலூன் பின்னால் வர வேண்டும். உன் வீடியோவில் சில்லை எந்தப் பக்கம் தட்டுகிறாய் என்று பார்த்தேன். தவறான பக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது. மறுபக்கம் தட்டிப் பார், செலவில்லாத திருத்தம் அது. கம்பியில் சேர்த்து மாட்டும் துண்டுகள் வழுக்குகின்றன என்றால், வயர் பூட்டும் பிளாஸ்டிக் கனெக்டரை உடைத்து உள்ளே இருக்கும் பித்தளைத் துண்டை எடு. திருகாணியோடு வரும், வேண்டிய இடத்தில் இறுக்கலாம். உருளையின் பாரத்துக்குச் சரியாக எதிர்ப்பக்கத்தில் சில்லில் ஒரு நட் ஒட்டு. பலூனைக் கழற்றிவிட்டுச் சில்லை எங்கே நிறுத்தினாலும் அது அங்கேயே நிற்க வேண்டும். தானாக ஒரு பக்கம் உருண்டு வந்தால் பாரம் இன்னும் சமப்படவில்லை.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே. கம்பியை மாற்றினாயா, சோதி. நாரை மாற்றினாயா, மறுபடி சோதி. ஒரு கொப்பியில் எழுதி வை. உயர்தரத் தொழில்நுட்பப் பாடத்துக்குச் செயற்றிட்டம் என்று ஆசிரியர் கேட்கும்போது பளபளக்கும் மாதிரியைவிட அந்தக் கொப்பிதான் உன்னைக் காப்பாற்றும்.

இப்போது நீ கடைசியில் எழுதியிருந்த விஷயம். 2022இல் மின்சாரம் 13 மணி நேரம் வரைக்கும் நின்ற நாட்களைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது, விறகை எரித்து லயத்துக்கே வெளிச்சம் கொடுப்பேன் என்கிறாய். நல்ல ஆசை. ஆனால் கணக்கையும் போடு. ஒரு மெழுகுதிரி தரும் வெப்பம் ஏறக்குறைய 80 வாட். டின்னின் அடி 300 பாகை, தலை 30 பாகை என்று வைத்துக்கொண்டால், எந்த மேதை செய்தாலும் அந்த வெப்பத்தில் 47 வீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது. 1824இல் சாடி கார்னோ கண்ட எல்லை அது. பலூனும் சிடியும் வைத்துச் செய்த இயந்திரம் அதன் கிட்டேயும் வராது. ஒரு வீதம் கிடைத்தாலே நான் உனக்கு மாலை போடுவேன். 80 வாட்டில் ஒரு வீதம் ஒரு வாட்டைக்கூட எட்டாது. அதில் போன் சார்ஜ் ஆகாது. இயந்திரத்தைக் கண்காட்சியில் வைக்கும்போது யாராவது கேட்டால் இதை நேராகச் சொல். இலவச மின்சாரம் என்று பலகை எழுதி வைக்காதே. அப்படிச் சொல்லும் வீடியோக்களில் பாதி மேசைக்கு அடியில் பேட்டரியை மறைத்து எடுத்தவை என்பது என் எண்ணம்.

ஆனால் இது விளையாட்டுச் சாமான் மட்டும்தான் என்றும் நினைத்துவிடாதே. மின்விசிறி பரவாத காலத்தில், மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் சுற்றும் விசிறிகள் இதே முறையில் செய்யப்பட்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் ஒஹாயோவிலுள்ள சன்பவர் நிறுவனம் 1980களில் வங்கதேசத்துக்காக உமியை எரித்து ஓடும் இயந்திரம் ஒன்றை உருவாக்கியது. சுவீடன் 1996இல் கடற்படையில் சேர்த்த கொட்லண்ட் நீர்மூழ்கிக்குள்ளேயும் ஸ்டேர்லிங் இயந்திரம்தான் இருக்கிறது. உள்ளே வெடிப்பு எதுவும் இல்லாததால் சத்தம் குறைவு, எதிரியின் காதுக்கு எட்டாது. எந்தச் சூட்டிலும் ஓடும், உமியோ விறகோ வெயிலோ கேட்காது. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. சூட்டுப் பக்கம் எந்நேரமும் சூட்டிலேயே கிடக்க வேண்டும், அதைத் தாங்கும் உலோகம் வேண்டும். ஸ்டேர்லிங்கின் இயந்திரம் 1818இல் ஒரு கல் குழியிலிருந்து தண்ணீர் இறைத்தது. பிறகு அவருடைய தம்பி ஜேம்ஸ் 1843இல் டண்டியில் ஒரு வார்ப்படசாலையையே அதில் ஓட்டினார். இரண்டு இடத்திலும் நெருப்பு படும் இரும்புதான் எரிந்து கெட்டது. யோசனை சரியாக இருந்தது, அந்தக் காலத்து இரும்பு போதவில்லை. பெரிதாகச் செய்ய வேண்டும் என்றால் மின்சாரத்தைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால் உலோகத்தைப் பற்றிப் படி. அதற்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கான புள்ளியை எடு.

கடைசியாக நெருப்பு விஷயம். நீராவிக் கொதிகலன்கள் வெடித்து ஆட்கள் சாவதைப் பார்த்த காலத்தில் பிறந்த இயந்திரம் இது, உன் பலூன் வெடித்து யாரும் சாகப்போவதில்லை. ஆனால் நீராவி எஞ்சின் செய்கிறேன் என்று தண்ணீர் ஊற்றி மூடி அடைத்த டின்னை ஒரு நாளும் அடுப்பில் ஏற்றாதே. அது குண்டு. வாசனைத் தெளிப்பான், நுளம்பு மருந்து டின்களை வெட்டாதே. மெழுகுதிரி போதாமல் ஸ்பிரிட்டுக்குப் போனால், பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரியாது என்பதை நினைவில் வை. எரியும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றவே கூடாது. பெற்றோலின் பக்கம் போகவே வேண்டாம். நீ சோதனை செய்யும்போது சின்னவளைத் தள்ளி உட்கார வை, பக்கத்தில் ஒரு வாளி மணல் வை.

அடுத்த போயாவுக்கு நானும் அத்தையும் அங்கே வருகிறோம். அதற்கு முன் கிராங்கைக் கழற்றி, சைக்கிள் கம்பி போட்டு, பலூன் உப்புகிறதா வற்றுகிறதா என்று மட்டும் பார்த்து எழுது. சில்லு சுற்றும் வீடியோ எனக்கு இப்போதைக்கு வேண்டாம்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா