பிரிட்டன்ல பழைய கார் வாங்குறீங்களா? டேக்ஸ் கூடவே வராது!

"டேக்ஸ் மார்ச் வரைக்கும் இருக்கு"ன்னு விற்பவர் சொன்னா நம்பிடாதீங்க. 2014 அக்டோபரிலிருந்து, கார் கைமாறினாலே பழைய டேக்ஸ் செல்லாது. மீதமுள்ள முழு மாதங்களுக்கான பணம் விற்றவருக்கே திரும்பிப் போகும். நீங்க புதுசா கட்டலைன்னா, 80 பவுண்டு அபராதக் கடிதம் வீட்டுக்கு வரலாம்.

அதனால காரை எடுத்துட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி மூணு வேலை:

1. அரசு இணையதளத்துல கார் நம்பரைப் போட்டு, எம்.ஓ.டி. ஹிஸ்டரியை இலவசமா பாருங்க.
2. உங்க பேர்ல இன்சூரன்ஸ் எடுங்க.
3. விற்பவர் தரும் பச்சை நிற வி5சி/2 ஸ்லிப்ல உள்ள 12 இலக்க எண்ணை வச்சு, ஆன்லைன்ல டேக்ஸ் கட்டுங்க.

முடிஞ்சா வருஷத்துக்கு மொத்தமா கட்டிடுங்க. மாதத் தவணைன்னா 5% கூடுதல். 200 பவுண்டு டேக்ஸுக்கு 10 பவுண்டு வீண். கார் விலையோட இதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்க!