உத்சர்க்க சமிதியும் வீட்டுக் குப்பையும்

முனிவர் மேற்கொள்ளும் சமிதிகள் ஐந்து என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். நடத்தல், பேசுதல், உணவு ஏற்றல், பொருள்களை எடுத்து வைத்தல், கழிவு விடுத்தல் ஆகிய ஐந்திலும் உயிர்கட்கு ஊறு நேராவண்ணம் விழிப்புடன் இருத்தலே அவை. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இவற்றைத் தொகுத்துரைத்துள்ளார். முதல் நான்கைப் பற்றி அறவுரைகளில் பலகாலும் கேட்கிறோம். ஐந்தாவதாகிய உத்சர்க்க சமிதியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கழிவைப் பற்றிப் பேசுவதில் உள்ள கூச்சம் காரணமாகலாம்.

திகம்பர முனிவர் கழிவை விடுக்குமுன் நிலத்தை நோக்குவார். மயிற்பீலியால் மெல்ல நீவுவார். பசும்புல்லும் எறும்புப் புற்றும் இல்லாத இடத்தையே நாடுவார். கைவிட்ட பொருளாயினும் அதனால் ஓருயிர்க்கு நேரும் துன்பத்திற்குத் தாமே பொறுப்பு என்பது இதன் உட்கருத்து. இவ்விதி துறவியர்க்கு உரியது. ஆயினும் சோர்வினால் பிற உயிரின் பிராணனைப் போக்குதல் இம்சை என்று அதே நூலின் ஏழாம் அத்தியாயம் கூறுவது இல்லறத்தார்க்கும் பொருந்தும் அன்றோ?

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் நம் முன்னோர் வாழ்ந்த வீடுகளின் கொல்லையில் எருக்குழி இருந்தது. காய்கறித் தோல் மாட்டிற்கு; அரிசி களைந்த நீர் கழுநீர்த் தொட்டிக்கு; சாம்பலும் சருகும் குழிக்கு. குப்பை என்று வெளியே எறிய ஏதும் மிஞ்சவில்லை. பணி நிமித்தம் தெற்கே வந்து திண்டுக்கல், நத்தம் போன்ற ஊர்களில் குடியேறுவோர்க்குக் கொல்லையும் இல்லை, குழியும் இல்லை. காலையில் பேரூராட்சித் தூய்மைப் பணியாளர் வண்டியுடன் வரும்போது கொடுத்தல் வேண்டும். வண்டி சென்ற பின் விழித்தெழுந்தோர், எஞ்சிய சோற்றையும் தோலையும் பாலிதீன் பையில் இட்டு, வாயை இறுக முடிந்து, தெருமுனையில் வைத்துவிடுகின்றனர்.

அந்த முடிச்சில்தான் இம்சை இருக்கிறது. பசுவிற்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. சோற்றின் மணத்தால் ஈர்க்கப்பட்டுப் பையோடு விழுங்குகிறது. பாலிதீன் செரிப்பதில்லை, இரைப்பையில் திரண்டு, பின்னர் உண்ணும் தீவனத்திற்கும் இடமின்றிச் செய்கிறது. 2019 அக்டோபரில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தனர். அப்பைகளை வீசியவருள் எவரும் பசுவைக் கொல்ல எண்ணியிரார். எண்ணாமையே ஈண்டுக் குற்றம்.

இரண்டாவது, பணியாளரின் கை. உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் சோற்றோடு கலந்து கொடுத்தால், அதைப் பிரிப்பவர் விரல்கள் அறுபடும். அருகன் திருமுன் பூவைப் பூச்சி நீக்கி இடும் கைகள், இதில் மட்டும் அசட்டை காட்டுவது பொருந்துமா?

2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் வீட்டுக் கழிவு எனப் பிரித்துக் கொடுக்கப் பணித்தன. எனினும் சட்டம் வருமுன்பே வழிகாட்டியோர் உண்டு. 1989இல் எம்.பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தார், தெருவாரிடம் திங்கள்தோறும் சிறுதொகை திரட்டி, மூன்று சக்கர வண்டியில் வீடுதோறும் குப்பை பெறும் முறையைப் பரப்பினர். குப்பை பொறுக்கி வாழ்ந்தோரையே அப்பணிக்கு அமர்த்தித் தெருவை அழகு செய்வோர் என அழைத்தனர். பெயர் மாறியதும் பார்வை மாறியது.

இனி நம்மவர் எழுப்பும் ஐயம் ஒன்று. மக்கும் குப்பையைப் பேரூராட்சிகள் வளம் மீட்புப் பூங்காவில் எருவாக்குகின்றன, மண்புழுவும் இடுகின்றனர். எண்ணிறந்த உயிர்கள் தோன்றி மடியும் அச்செயலுக்குக் குப்பையைப் பிரித்துக் கொடுத்தல் தகுமோ? தோல் எங்கே கிடந்தாலும் அழுகும்; அழுகுமிடத்து உயிர்கள் தோன்றும். பிளாஸ்டிக்கோடு கலந்து மலைபோற் குவிந்தால் காற்றின்றி அழுகி, எரியும் தன்மையுள்ள மீத்தேன் வாயு உண்டாகும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாட்கணக்கில் எரிந்ததை அறிவோம். அத்தீயில் எத்தனை உயிர்கள் மாண்டனவோ! இல்லறத்தார்க்கு ஆரம்ப இம்சை முற்றிலும் நீங்காது. குறைந்ததைத் தேர்தலே அவர்க்கு இயல்வது. எனவே பிரித்துக் கொடுத்தல் தக்கதே. வீட்டிலேயே எருத்தொட்டி வைப்போர், புழுவை விலைக்கு வாங்கி வளர்த்தலைத் தவிர்க்கலாம் என்பது எம் கருத்து. தொட்டியில் காய்ந்த சருகும் தோலும் மாறிமாறி இட்டால் அவை இல்லாமலே மக்கும்.

மிச்சமே இல்லாமை இவை அனைத்தினும் மேலானது. எச்சிற்பட்ட உணவில் முகூர்த்தத்திற்குள், அதாவது இரண்டு நாழிகையாகிய 48 நிமிடத்திற்குள், சம்மூர்ச்சன உயிர்கள் தோன்றும் என்பர் பெரியோர். வடநாட்டுச் சமணர் சிலர் உண்ட தட்டைக் கழுவி அந்நீரையும் பருகுவர். நம் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். கேட்ட அளவு மட்டும் பரிமாறினால் அதற்குத் தேவையே எழாது.

நம் வீடுகளில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பதால், அந்திக் கழிவு மறுநாள் வண்டி வரும்வரை அடுக்களையில் கிடக்கிறது. எறும்பும் கரப்பும் வந்து மாள்கின்றன. நீரை வடித்து, பழைய செய்தித்தாளில் பொதிந்து, இறுக மூடும் வாளியில் இடுக. பால் உறைகளைச் சிறிதளவு நீரால் அலசி உலர்த்திப் பழைய பேப்பர் கடைக்கு அளிக்கலாம். கண்ணாடித் துண்டுகளைத் தனியே தாளில் சுற்றி, பணியாளரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நத்தத்தில் மாம்பழக் காலம் வந்துவிட்டால் தோலும் கொட்டையும் வாளியை நிறைத்துவிடும். இரவெல்லாம் ஈ மொய்க்கும். வண்டி வருமுன் காலையிலேயே பழம் நறுக்கும் வழக்கத்தை மேற்கொண்டால் அச்சுமை சூடாறுமுன் வெளியேறும்.