மறை எண்

முன்னாளில் செல்வர் பொன்னையும் பணத்தையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டித் திறவுகோலை இடையில் செருகிக்கொண்டனர். திருட வந்தவன் சுவரில் கன்னமிட வேண்டியிருந்தது. இந்நாளில் பணம் வங்கியில் கணக்காக இருக்கிறது; அதன் திறவுகோல் சில இலக்கங்களே. அவற்றைக் கவர்வதற்குக் கன்னக்கோல் வேண்டுவதில்லை. இனிய பேச்சே போதும்.

ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரைத் தொலைபேசியில் ஒருவன் அழைத்தான். “ஐயா, வங்கியிலிருந்து பேசுகிறேன். தங்கள் அட்டை இன்று மாலையோடு செயலற்றுவிடும். சில விவரங்களைச் சொன்னால் புதுப்பித்துத் தருவேன்” என்றான். அவர் பெயரையும் அட்டையின் முதல் இலக்கங்களையும் அவனே கூறினான். ஆதலின் அவர் ஐயுறவில்லை. அம்முதல் இலக்கங்கள் அட்டை வழங்கிய வங்கியைக் குறிப்பவை என்பதையும், அவ்வங்கியின் அட்டைகள் பலவற்றுக்கும் அவை பொதுவானவை என்பதையும் அவர் அறியார். எஞ்சிய இலக்கங்களையும், பின்னர்க் கைப்பேசிக்கு வந்த எண்ணையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிட்டார். ஓய்வூதியத்தில் ஒரு பகுதி பறிபோயிற்று.

வங்கி அவ்வாறு கேட்க வேண்டிய தேவையே இல்லை. கைப்பேசிக்கு அந்த எண்ணை அனுப்பியது வங்கியின் கணிப்பொறியே. தான் அனுப்பியதை வங்கியே பிறர் வாயால் கேட்டறிய வேண்டுமோ? அட்டைக்குரிய நான்கு இலக்க மறை எண்ணையோ வங்கி அலுவலரும் அறியார். பொறி அதனை ஒப்பிட்டுப் பார்க்கிறதேயன்றி எவர் கண்ணுக்கும் காட்டுவதில்லை. யூ.பி.ஐ. முறையிலும் மறை எண் பணம் கொடுப்பதற்கே வேண்டும், பெறுவதற்கு வேண்டுவதில்லை. “பரிசு அனுப்புகிறேன், மறை எண்ணை அழுத்துங்கள்” என்பவன் கொடுக்க வந்தவன் அல்லன்.

இந்திய ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை இத்தகைய இழப்புகளை வகைப்படுத்தியது. வங்கியின் பிழையும் வாடிக்கையாளர் பிழையும் இன்றி, வேறிடத்து நேர்ந்த கசிவால் பணம் போயின், வங்கியின் அறிவிப்புக் கிடைத்தபின் 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவர்க்கு இழப்பில்லை. மறை எண்ணைத் தாமே சொல்லிவிட்டவரோ, வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் நேர்ந்த இழப்பு முழுவதையும் தாமே ஏற்க வேண்டும். தெரிவித்த பின் நேர்வது வங்கியைச் சாரும். வீட்டார் கடிவரோ என நாணி வாளாவிருப்போர் பலர். கள்வனுக்கு அந்நாணமே துணை.

அம்முதியவர் நாணவில்லை, அப்பொழுதே மகளிடம் சொன்னார். அவள் வங்கிக்குத் தெரிவித்து அட்டையை முடக்கினாள். மத்திய அரசின் இணையக் குற்ற உதவி எண்ணாகிய 1930-இலும் முறையிட்டாள். அவள் பேசி முடிப்பதற்குள் முதியவரின் கைப்பேசி மீண்டும் ஒலித்தது. கள்வன் இரண்டாம் எண்ணைக் கேட்டு அழைத்துக்கொண்டிருந்தான்.