மலை ஏறும் இன்ஜினுக்கு எந்த புரொப்பெல்லர்?

கேள்வி: பழவேற்காடு ஏரியில் ஃபைபர் படகில் ஓட்டிய 9.9 எச்.பி. அவுட்போர்டு இன்ஜின் ஒன்று என்னிடம் இருக்கிறது. பெட்ரோல், டூ ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வைத்தது. ஊட்டிக்குப் பக்கத்தில் விடுதி நடத்தும் ஒருவர் தன் ஏரிப் படகுக்கு அதை விலைக்குக் கேட்கிறார். பைக்காராவில் படகு ஓட்டும் என் மச்சான், "மலையில இன்ஜின் இழுக்காது, பெரிய புரொப்பெல்லரா போட்டுக் குடு" என்கிறார். அவர் சொல்வது சரியா?
– மீனவ வாசகர், எளாவூர்

பதில்: மச்சான் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி நேர் எதிர். மலையில் இன்ஜின் இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் போட வேண்டியது பெரிய புரொப்பெல்லர் இல்லை, இப்போது இருப்பதைவிடப் பிட்ச் குறைந்தது.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் எளாவூரில் இருப்பதில் முக்கால் பங்குதான். குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தி என்பதால் நஷ்டம் சற்று மட்டுப்படும். அப்படியும் சிலிண்டருக்குள் போகும் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்று குறைந்தால் எரிக்க முடிகிற பெட்ரோலும் குறையும். மூடியில் 9.9 என்று எழுதியிருந்தாலும் அங்கே அது 8 எச்.பி. இன்ஜின்தான். 300 மீட்டருக்கு 3 சதவீதம் என்பது மெக்கானிக்குகளின் பொதுக்கணக்கு. ராணுவம் ரோந்துப் படகு விடும் லடாக்கின் பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கும் மேலே. டர்போ இல்லாத இன்ஜின் அங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பலத்தை இழக்கும்.

வெயிலும் இதே வேலையைச் செய்யும். 15 டிகிரி காற்றைவிட 38 டிகிரி காற்று 7 சதவீதம் லேசானது. கத்திரி வெயிலில் மத்தியானம் படகு மந்தமாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்று லேசாகிறது, தண்ணீர் லேசாவதில்லை. கடல்நீரைவிட நன்னீர் இரண்டரை சதவீதம் லேசு, அவ்வளவுதான். ஆகவே அதே புரொப்பெல்லரை அதே வேகத்தில் சுற்ற மலையிலும் ஏறக்குறைய அதே பலம் வேண்டும். அந்தப் பலம் இன்ஜினிடம் இல்லை. இங்கே முழு ஆக்சிலேட்டரில் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றுகிற இன்ஜின், அங்கே 5,100-ஐத் தாண்டத் திணறும். இப்படித் திணறவிட்டே தினமும் ஓட்டினால் கரி படியும், சூடேறும், ஆயுளும் குறையும். பெரிய புரொப்பெல்லர் போட்டால் இந்தத் திணறல் கூடத்தான் செய்யும்.

புரொப்பெல்லரின் நடுக்குடத்தில் 9¼ × 10 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச். இரண்டும் அங்குலக் கணக்கு. ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு மரத்துக்குள் எவ்வளவு இறங்குகிறதோ, அதுபோல ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்தான் பிட்ச். அதில் ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 200 சுற்று கூடும். உங்கள் 400 சுற்று இழப்புக்கு இரண்டு அங்குலம் குறைக்க வேண்டும். 10 இருந்தால் 8 வாங்குங்கள். இதனால் போன பலம் திரும்பாது, வேகமும் கீழே ஓடியதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் இருக்கிற பலத்தை இன்ஜின் திணறாமல் கொடுக்கும். மேலே போனதும் பிளக் ஒயரில் சுற்றுகிற சின்ன டேக்கோமீட்டரை மாட்டி, வழக்கமாக ஏறும் ஆட்களை ஏற்றி, முழு ஆக்சிலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். மேனுவலில் சொன்ன அளவுக்குள் சுற்று நின்றால் சரி.

பழவேற்காட்டின் ஆழமில்லாத தண்ணீரில் மண்ணில் உரசி ஓரம் தேய்ந்த புரொப்பெல்லர் இருந்தால், 'இதுவே லேசாகச் சுற்றுகிறதே' என்று அதையே மாட்டி அனுப்பிவிடாதீர்கள். சுற்று கூடும், உந்தல் கூடாது. தண்ணீரைக் கலக்கிவிட்டுச் சறுக்கும்.

அடுத்தது கார்புரேட்டர். மெயின் ஜெட் கடல்மட்டக் காற்றுக்கு அளந்து வைத்தது. மலையில் காற்று குறைய, பெட்ரோல் விகிதம் கூடிவிடும். கரும்புகை வரும், பெட்ரோல் வாடை அடிக்கும், பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காபிப்பொடி நிறத்துக்குப் பதில் ஈரக் கரியாக இருக்கும். அந்த உயரத்துக்கு இன்ஜின் கம்பெனி சொல்லும் சிறிய ஜெட்டைப் போட வேண்டும். எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் உள்ள இன்ஜின் பெட்ரோல் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் அதுவும் இல்லாத காற்றை உண்டாக்காது, பலம் அதிலும் குறையும்.

வாங்குபவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: பழைய ஜெட்டையும் பழைய புரொப்பெல்லரையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நாளைக்கு அந்த இன்ஜின் மறுபடி சமவெளிக்கு வந்தால், சிறிய ஜெட்டோடு ஓடும்போது பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால் ஆபத்து இரட்டிப்பு. குறைந்த பிட்ச்சோ, இன்ஜினை அளவுக்கு மீறிச் சுற்றவிடும். இறக்கும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

விலை பேசும்போதும் 8 எச்.பி. என்றே கணக்குச் சொல்லுங்கள். எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை அவர் அதையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.